தோட்டத்தில் டிக்கெட் பரிசோதனை

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தோட்டமும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும், உன் மகளும், புதுப் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

ரிட்டயர் ஆன நாளிலிருந்து நான் கால் வைத்த இடத்திலெல்லாம் உன் தம்பி பெண்டாட்டி விளக்குமாறோடு வந்து நிற்கிறாள். "களையை ஒழுங்கா எடுடா, தோட்டத்துச் சாவி இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்" என்று பேத்தியைப் பார்க்கக் கிளம்பும்போது நீ சொன்னதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விடுவேனா? நேற்று காலை ஏழு மணிக்கே பாத்தியில் இறங்கிவிட்டேன். எது செடி, எது களை என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவனுக்கு அது ஒரு விஷயமா? நீதான் பழைய காலண்டரைத் துண்டு போட்டு, குச்சியில் ஒட்டி, பதினாலு செடிக்குப் பக்கத்தில் நம்பர் தெரிய நட்டுவிட்டுப் போயிருந்தாயே! நம்பர் இருக்கா, ரிசர்வேஷன், உட்காரு. இல்லையா, இறங்கு. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார், அது தக்காளி சார், பிஞ்சு கூட விட்டிருக்கே"ன்னு கத்தினாங்க. "குழந்தை குட்டியோட வந்தா டிக்கெட் வேண்டாமா?"ன்னு கேட்டேன். தலையில அடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. வேலியோரத்து ஆசாமி ஒருத்தன் அசையவே மாட்டேன்னான். ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். அவன் வந்துட்டான், நான் போயிட்டேன், நேரா தண்ணித் தொட்டிக்குள்ள. இடுப்பு பிடிச்சுக்கிச்சு, ஒரு செருப்பை இன்னும் காணோம். இருந்தாலும் சாயங்காலத்துக்குள்ள நாற்பத்தொரு பேரை இறக்கியாச்சு! மீதி பதினாலு பேரும் இடம் தாராளமா கிடைச்ச சந்தோஷத்துல ஜம்முனு நிக்கிறாங்க. என்ன பூ பூக்கும்னு தெரியலை, முள்ளு மட்டும் அமோகம்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மகளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். சின்னக்குட்டி நூறு வயசு இருக்கட்டும்.

சாவியோடு,
உன் தம்பி

பின்குறிப்பு: தோட்டத்துல உட்கார்ந்து கவரை ஒட்டப் போனேன், காத்துல ஒரு காலண்டர் அட்டை சாஞ்சுது. பின்பக்கம் உன் கையெழுத்து: "தம்பி, இது களை. வேரோட பிடுங்கு." பதினாலையும் திருப்பிப் பார்த்துட்டேன். எல்லாத்திலயும் அதேதான். ஐயோ அக்கா, சர்வீஸ்ல ஒரு டிக்கெட்டைக்கூட நான் பின்பக்கம் பார்த்தவனில்லையே! அந்தப் பதினாலு பேரையும் இறக்கிட்டேன். குப்பைக்குழியிலேர்ந்து பழைய ஆளுங்களைப் பொறுக்கி, தையல்காரம்மா சொல்லச் சொல்ல மறுபடி நட்டுக்கிட்டிருக்கேன். பாதி பிழைச்சுக்கும்ங்கிறாங்க. நீ கேட்டா சாவியைக் கொடுத்துடறேன். ஆனா கேட்காதே அக்கா. ரிட்டயர் ஆனப்புறம் இந்த ரெண்டு நாள்தான் எனக்கு நல்லாப் பசிச்சுது.