மூன்றாம் லைன் கவிஞர்

வனமாமலை பலகையில் எழுதியது ஆறு வரி. கம்பெனி பஸ் குன்றத்தூரை நெருங்கும்போது கைபேசியில் வந்த படத்தில் இரண்டு வரிதான் இருந்தது.

“ஏல இசக்கியப்பா, இங்க பாருல. இன்னைக்கும் அழிச்சிட்டாவ.”

பக்கத்து இருக்கையில் அரைத்தூக்கத்தில் இருந்த இசக்கியப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். இருவரும் நாங்குநேரிக்காரர்கள். ஒரே ஷிஃப்ட், ஒரே அறை. இசக்கியப்பனுக்கு மெயின்டனன்ஸில் வேலை.

“நல்லாத்தானடே இருக்கு?”

“மிச்சம் நாலு வரி எங்கல?”

“எனக்கு எப்படித் தெரியும்? நூத்திப் பதினாலு பேரு ஹார்ட்டு போட்ருக்கானுவ. பேசாம வா.”

ஒரகடத்தில் அவர்கள் வேலை பார்க்கும் ஆலையில் காருக்குப் பக்கக் கண்ணாடி செய்கிறார்கள். ஒவ்வொரு லைனின் முனையிலும் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அன்றைய இலக்கு, முடித்தது, கழித்தது எல்லாம் அதில் ஏறும். அடியில் ‘இன்றைய சிந்தனை’ என்று ஒரு கட்டம். மற்றவர்கள் அதில் ‘பாதுகாப்பே முதன்மை’ என்று கிறுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். மூன்றாம் லைனில் வனமாமலை கவிதை எழுதுவான்.

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் எழுதுவான். அடுத்த ஷிஃப்ட் மூன்றரைக்கு வந்து படிக்கும். இடையில் உள்ள அரைமணியில் வடக்குப்பட்டுப் பாப்பம்மாள் தரையைக் கூட்டி, மேசையைத் துடைத்து, பலகையையும் சுத்தம் செய்வார். துணி பட்டு வரிகள் போய்விடும். சில நாள் மேலே போகும், சில நாள் கீழே, சில நாள் நடுவில். நேரம் சரியில்லாத நாளில் மொத்தமும் போய்விடும்.

மிஞ்சியதற்கே அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. அன்று படத்தில் இருந்தது இதுதான்:

*ஒரு நாளைக்கு அறுநூறு கண்ணாடியில் என் முகம்.*
*ஒன்றிலும் நான் தங்கவில்லை.*

அதற்கு முந்தைய வாரத்தில் மிஞ்சியது:

*என் தோளில் தூங்கியவர் ஒரகடத்தில் இறங்கிவிட்டார்.*
*தோளை இன்னும் நான் அசைக்கவில்லை.*

கேன்டீனில் அவன் தட்டில் வடை இரண்டாக விழுந்தது. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கேட்காமலே கிடைத்தது. வாசல் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்ப்பதை விட்டு, “கவிஞரே, போங்க” என்றார். அடுத்த ஷிஃப்டில் தரம் பார்க்கும் கவிப்பிரியா தினமும் பலகையைப் படமெடுத்துக் கம்பெனி வாட்ஸாப் குரூப்பில் போட்டாள். ஐந்தாம் லைன் லீடர் வசந்தகுமாருக்கு மட்டும் வயிற்றெரிச்சல். தானும் தினம் எழுதுவதாக அவர் சொல்லுவார். யாரும் பார்த்ததில்லை. அவர் கட்டம் எப்போதும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.

வனமாமலைக்கு ஒரே குறைதான். இரண்டு வரிக்கே இப்படி என்றால், முழுக் கவிதையையும் படித்தால் ஊர் என்ன ஆகும்?

அந்த நேரத்தில்தான் எச்.ஆர். ராஜசேகர் கூப்பிட்டனுப்பினார்.

“வனமாமலை, ரெண்டாவது யூனிட் வாசல்ல ஒரு கருங்கல் வைக்கிறோம். அதுல உங்க கவிதை, அடியில உங்க பேரு. ரெண்டு வாரம் டைம். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி மூணரைக்கு நானே உங்க லைனுக்கு வந்து போர்டுல பாக்கறேன். சரியா வரலேன்னா தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சூப்பர்வைசர் திருமலை ஒண்ணு குடுத்திருக்கார்.”

“என்ன சார் குடுத்திருக்காரு?”

“‘தரமே நம் தாரக மந்திரம்’.”

சொல்லிவிட்டு ராஜசேகர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

அன்று மாலையே வனமாமலை ஊருக்குப் போன் போட்டான்.

“கல்லுலயா? கல்லுல உன் பேரா?” என்றாள் அக்கா கனகலட்சுமி. மறுநாள் காலைக்குள் திறப்பு விழாவுக்கு ரயிலில் ஏழு டிக்கெட் போட்டுவிட்டாள். ஏழில் மூன்று பேர் யாரென்று அவனுக்கே தெரியவில்லை.

இனி ஒரு வரியும் போகக்கூடாது என்று முடிவெடுத்தான். முதலில், ‘கவிதையைத் தொடாதீர்’ என்று காகிதத்தில் எழுதிப் பலகையில் ஒட்டினான். பாப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று அவரிடம் வாயாலும் சொன்னான்.

“அப்போ பலகைய எப்புடிபா தொடைக்கறது?”

“சுத்தித் தொடைங்கக்கா.”

“சுத்தி இன்னா கீது? நடுவுல தான அழுக்கு.”

ஒட்டிய காகிதத்தைத் திருமலை மறுநாளே கிழித்தார். “போர்டுக்கு மேல போர்டா? ஆடிட்டுக்கு வந்தவன் பாத்தா என் கழுத்துதான் போவும்.”

அடுத்து வனமாமலை அழியாத மார்க்கரில் எழுதினான். பாப்பம்மாள் இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தார்.

“இன்னாபா இது, போவ மாட்டேங்குது?”

“போவாதுக்கா. அதுக்குத்தான்.”

“பாவம்” என்றார்.

“யாரு?”

“ஒண்ணுமில்லபா.” வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல் முறையாக எட்டு வரிகள் முழுசாக மூன்றரை மணியைத் தாண்டின. ‘விழித்தெழு தோழா, வியர்வையே விளக்கு’ என்று ஆரம்பித்து, ‘வானமே எல்லை, வெற்றியே கொள்ளை’ என்று முடிந்தன. ஆறு பேர் ஹார்ட் போட்டார்கள். அதில் ஒன்று இசக்கியப்பனுடையது.

“நெட்வொர்க் சரியில்ல போலிருக்கு” என்றான் வனமாமலை.

அழியாத மார்க்கர் அடுத்த நாளும் அழியவில்லை. கட்டத்தைத் தாண்டி வழிந்த வரிகளால் அன்றைய இலக்கை எழுத இடமில்லாமல் திருமலை கத்தினார். தின்னர் வாங்கிவந்து வனமாமலையே தேய்த்து எடுத்தான். தின்னர் வாடையில் தலை சுற்றியபோதுதான் அந்த யோசனை வந்தது.

“இசக்கியப்பா, ஸ்கிராப்புல கண்ணாடி மாதிரி அக்ரிலிக் ஷீட்டு கெடக்கில்லா? கட்டத்துக்கு மேல ஒண்ண வச்சு முடுக்கிருடே.”

“எதுக்குல?”

“துணி படாது.”

இசக்கியப்பன் நான்கு ஸ்குரூ போட்டு முடுக்கினான். தினமும் மூன்று மணிக்குக் கழற்றி, எழுதியதும் மறுபடி முடுக்கினான். பாப்பம்மாள் அந்த ஷீட்டின் மேல் துணியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை. பெருமூச்சு விட்டார்.

அந்த வாரம் முழுக்க வனமாமலையின் கவிதைகள் ஓர் எழுத்தும் சேதமில்லாமல் ஊருக்குத் தெரிந்தன.

திங்கட்கிழமை கேன்டீனில் வடை ஒன்றானது. செவ்வாய்க்கிழமை செக்யூரிட்டி பையைத் திறந்து டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தார். புதன்கிழமை ஜன்னலோரத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்; எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை ஷிஃப்ட் மாறும்போது கவிப்பிரியா அவனை நிறுத்தினாள்.

“அண்ணா, கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க. போர்டுல இப்போ எழுதறது நீங்கதானா?”

“நாந்தாம்மா. ஏன்?”

“இல்ல... வேற யாருக்காவது வுட்டுக் குடுத்துட்டீங்களோன்னு.”

அன்று பஸ்ஸில் இசக்கியப்பன் தூங்கவில்லை. “எல்லாரும் பேசிக்கிடுதானுவடே. பேரு வந்ததும் உனக்குத் தலைக்கனம் ஏறிட்டுங்கானுவ. முன்னால ரெண்டு வரியில நறுக்குன்னு சொன்ன ஆளு, இப்ப மீட்டிங் போட்டுப் பேசுதாங்கானுவ.”

“முன்னாலயும் நான் நீளமாத்தாம்ல எழுதுனேன்!”

“அத வெளிய சொல்லிராத.”

வெள்ளிக்கிழமை வந்தது. வனமாமலை பதினாறு வரி எழுதினான். ‘அகிலம் போற்றும் ஆலையே’ என்று தொடக்கம். அதற்குப் பிறகு ஆதவன், அருவி, அடலேறு. எட்டாவது வரியில் சரக்கு தீர்ந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு வரும் ஏழு பேரையும், கல்லில் தன் பெயரையும் நினைத்தபடி, மனசில் பட்டதை இரண்டு வரி எழுதிவைத்தான். பிறகு சுதாரித்துக்கொண்டு இமயத்தைப் பிடித்தான். ‘வாழிய வாழிய’ என்று முடித்தான்.

இசக்கியப்பன் அக்ரிலிக் ஷீட்டோடு நின்றான். திருமலை தடுத்தார். “ராஜசேகர் சார் போட்டோ எடுப்பாரு. அந்த ஷீட்டுல லைட்டு அடிச்சி மூஞ்சிதான் தெரியும். மாட்டாத.” அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. பதினாறு வரியையும் அவர் படித்திருந்தார்.

வனமாமலை கேன்டீனுக்குப் போய் ஒரு டீயை முக்கால் மணி நேரம் குடித்தான். உண்மையில் இருபத்தைந்து நிமிடம்தான். திரும்பி வந்தபோது பலகை முன்னால் ஒரு கூட்டம். ராஜசேகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

பதினான்கு வரிகள் போயிருந்தன. நடுவில் இரண்டு மட்டும் நின்றன:

*உங்கள் எல்லோர் பெயரும் எழுத இந்தக் கல்லில் இடமில்லை.*
*உள்ளே வாருங்கள்.*

“சார், அது வந்து...” என்று ஆரம்பித்தான்.

“எதுவும் சொல்லாதீங்க.” ராஜசேகர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஒரு வாரமா பயந்துட்டே இருந்தேங்க. நல்லா வெளையாடிட்டீங்க எங்ககிட்ட. ஒரு எழுத்து மாத்தக்கூடாது. அப்படியே கல்லுல வெட்டறோம்.”

கவிப்பிரியா படமெடுத்தாள். திருமலை தன் தாரக மந்திரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கை தட்டினார். யாரோ வடை கொண்டுவரப் போனார்கள். இசக்கியப்பன், அக்ரிலிக் ஷீட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன்போல் நின்றான்.

கூட்டம் கலைந்தது. வனமாமலை பலகையை இன்னொரு முறை படித்தான். நன்றாகத்தான் இருந்தது. முதல் முறையாக, போன வரிகள் எவை என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

ஓரமாகப் பாப்பம்மாள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“நல்ல வேளைக்கா” என்று சிரித்தான். “இன்னைக்கும் உங்க கை தெரியாம பட்டுட்டு.”

பாப்பம்மாள் பிழிந்த துணியை உதறி வாளியின் விளிம்பில் போட்டார். ஐந்தாம் லைன் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்:

“உனுக்காவது தெனம் ரெண்டு வரி தேறுதுபா, அந்த வசந்தகுமாரு மூணு வருசமா எய்திகினு கீறாரு, இன்னும் ஒண்ணுகூட என்னால மிச்சம் வெக்க முடியல.”