குறையில்லா நாய்க்குச் சான்றிதழ் இல்லை

எங்கள் வீட்டு நாய்க்கு நடத்தையில் எந்தக் குறையும் கிடையாது. அந்த ஒரே காரணத்தால் எங்கள் குடும்பம் நடுத்தெருவுக்கு வரப் பார்த்தது.

நாயின் பெயர் பெரியவர். வைத்தவர் என் மாமனார். குட்டியாக வீட்டுக்கு வந்த அன்றே ஒரு மூலையில் உட்கார்ந்து, வீட்டில் நடப்பதையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டதாம். அதற்குப் பிறகு அதை அது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மாமனார் காலமானதும் மைத்துனர்கள் வீட்டைப் பங்கு போட உட்கார்ந்தார்கள். என் மனைவி பெரியவரைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அப்பாவைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. சாயங்காலம் பெரியவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்தப் பத்து நிமிடம் நானும் எங்கள் மகளும் அவளிடம் காபி கூடக் கேட்பதில்லை.

பெரியவர் குரைக்கமாட்டார், கடிக்கமாட்டார், செருப்பைத் தொடமாட்டார். தபால்காரர் வந்தால் எழுந்து வழிவிடுவார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களிடம் குற்றம் கண்டுபிடித்தே வயிறு வளர்க்கிறேன். எனக்கே அவரிடம் ஒன்றும் அகப்பட்டதில்லை.

இப்படி இருக்கையில் நகராட்சி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. "பொதுமக்களின் நலன் கருதியும், நாய்களின் நலன் கருதியும், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நல்லுறவைக் கருதியும்" என்று அது தொடங்கியது. வீட்டு நாய்கள் அனைத்தும் அறுபது நாட்களுக்குள் நடத்தைத் திருத்தச் சான்றிதழ் பெற வேண்டும். பெறாத நாய்கள் நகராட்சிக் காப்பகத்துக்கு அப்புறப்படுத்தப்படும். அந்தக் காப்பகத்துக்குப் போன நாய் எதுவும் திரும்பி வந்ததாக எங்கள் தெருவில் தகவல் இல்லை. அறிவிப்பு எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது. மூன்று இடத்தில் பிழை திருத்தி அனுப்பியவன் நான்தான். என்ன சொல்லியிருக்கிறது என்று கவனிக்கவில்லை. கவனித்துப் படித்தால் இந்தத் தொழிலில் பிழைக்க முடியாது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு நகராட்சியில் நாய்ப் பிரிவுக்குப் போனேன். நான்காவது ஜன்னலில் ஓர் எழுத்தர் இருந்தார். பரம சாது. என் படிவத்தை வாங்கி, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், 'திருத்தப்பட வேண்டிய குறை' என்ற இடத்தில் விரலை நிறுத்தினார்.

"என்ன சார், இல்லைன்னு போட்டிருக்கீங்க?"

"இல்லைங்க. அவருக்குக் குறை எதுவும் இல்லை."

"குறை இல்லைன்னா எதைத் திருத்துவீங்க?"

"திருத்த வேண்டாமே."

"திருத்தாத நாய்க்குத் திருத்தச் சான்றிதழ் எப்படி சார் கொடுக்கிறது? நீங்களே சொல்லுங்க."

"அப்ப சான்றிதழ் வேண்டாம்."

"வேண்டாம்னா காப்பகம்." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை எப்போது போட வேண்டும் என்று சொல்வார்களே, அப்படிச் சொன்னார்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "சும்மா ஏதாவது எழுதிக்கலாங்களா? குரைக்கும், கடிக்கும்னு?"

"தாராளமா எழுதுங்க. மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்து குறையை நேர்ல கண்ணால பார்ப்பாரு. பார்த்துக் கையெழுத்துப் போட்டாருன்னா பயிற்சிக்கு அனுமதி. பயிற்சி முடிஞ்சா சான்றிதழ்."

"அவர் வர்ற நேரத்தில குரைக்கலைன்னா?"

"பொய்த் தகவல். நாய் காப்பகத்துக்குப் போயிடும். நீங்க..." என்று சொல்லிவிட்டு எழுத்தர் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். அது போலீஸ் ஸ்டேஷன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவி நம்பவில்லை.

"நல்லா இருக்கிறவரை நாமளே கெடுக்கணுமா?"

"கெடுத்தாத்தான் திருத்த முடியுமாம்."

அவள் பெரியவரைப் பார்த்தாள். பெரியவர் வாசல் கால்மிதியில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை வருகிறவர்களுக்கு விட்டுப் படுத்திருந்தார். "சரி, கெடுத்துடலாம். நல்ல ஆளாப் பிடிங்க" என்றாள். மறுநாள் படிவத்தில் 'குரைக்கும், கடிக்கும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் பகுதியில் அப்போது நாய்ப் பயிற்சியில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று சங்கிலி மாஸ்டர் கட்சி. நாய்க்கு யார் தலைவன் என்று தெரிய வேண்டும். முதலில் நாம் சாப்பிட வேண்டும், பிறகுதான் நாய். வாசலைத் தாண்டும்போது நாம் முன்னால், நாய் பின்னால். இன்னொன்று பிஸ்கட் டீச்சர் கட்சி. நாயிடம் 'கூடாது' என்ற சொல்லையே சொல்லக் கூடாது. கெட்ட நாய் என்று உலகத்தில் எதுவும் இல்லை, மனம் புண்பட்ட நாய்தான் உண்டு. காலையில் நடக்கப் போகிறவர்களில் சங்கிலிக் கட்சி தெருவின் இடப்பக்கமும், இடுப்பில் பிஸ்கட் பை கட்டியவர்கள் வலப்பக்கமும் போவார்கள். மருந்துக் கடைக்காரருக்கும் அவருடைய சொந்தத் தங்கைக்கும் இதனால் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் வீட்டு நாய்கள் மட்டும் குறுக்கே கடந்து முகர்ந்து விசாரித்துக்கொள்ளும்.

முதலில் சங்கிலி மாஸ்டரைக் கூப்பிட்டேன். முறுக்கு மீசையும் முழங்கால் வரை பூட்ஸுமாக வந்தார்.

"குரைக்க வைக்கணுமா? முப்பது வருஷமா எனக்கு நிறுத்தத்தான் தெரியும்" என்று யோசித்தார். "பரவாயில்லை. எதிர்த்துக்கிட்டு ஒரு உறுமல் உறுமாத நாய் உண்டா?"

சங்கிலியைச் சுண்டி, "படுக்காதே" என்றார். பெரியவர் எழுந்தார். "நிக்காதே" என்றார். பெரியவர் படுத்தார். ஒரே சமயத்தில் இரண்டையும் சொன்னார். பெரியவர் உட்கார்ந்தார். நான்கு நாள் இது நடந்தது. ஐந்தாம் நாள் மாஸ்டர் சங்கிலியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"இது வீட்டில இருக்கிற எல்லாரையும் தலைவரா ஏத்துக்கிட்டிருக்கு. எனக்கு இங்க வேலையே இல்லை. உங்களுக்கு வேணும்னா சொல்லிக் கொடுக்கிறேன். உங்களுக்குக் குரலே வரலை."

அதன்பின் மூன்று நாள் பயிற்சி எனக்கு நடந்தது. மார்பை நிமிர்த்தி 'உட்கார்' என்று கத்தக் கற்றுக்கொண்டேன். மகள் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து பிஸ்கட் டீச்சர் வந்தார். வந்ததும் தரையில் சம்மணம் போட்டு, பெரியவரின் கண்களை வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப அடக்கி வெச்சிருக்காரு. உள்ளுக்குள்ள அவ்வளவு கோபம்" என்றார்.

பெரியவர் கொட்டாவி விட்டார்.

"பார்த்தீங்களா?" என்றார் டீச்சர்.

அவருடைய முறை எளிமையானது. எந்தச் செயல் வேண்டுமோ அதை யாராவது செய்து காட்ட வேண்டும். செய்த கணமே பிஸ்கட் தர வேண்டும். பார்த்துப் பார்த்து நாயும் கற்றுக்கொள்ளும். வீட்டில் குரைத்துக் காட்டத் தகுதியான ஆள் யார் என்ற கேள்வி எழுந்தது. மனைவி என்னைப் பார்த்தாள்.

குரைத்தேன். டீச்சர் என் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தார்.

"இது நாய் பிஸ்கட்டுங்க" என்றேன்.

"குரைச்சது நீங்கதானே. முறைன்னா முறை."

ஒரு வாரத்தில் நான் நன்றாகவே குரைக்க ஆரம்பித்தேன். பிஸ்கட்டும் பழகிவிட்டது. ஓர் இரவு தூக்கத்தில் குரைத்ததாக மனைவி சொன்னாள். பெரியவர் மட்டும் ஒவ்வொரு முறையும் கவலையோடு என்னைப் பார்ப்பார். பிறகு எழுந்து வந்து என் பாதத்தின் மேல் முகவாயை வைத்துக்கொள்வார்.

ஐம்பத்தெட்டாம் நாள் மேற்பார்வையாளர் வந்தார். கையில் ஒரு கோப்பு, வாசலில் கூண்டு வைத்த வண்டி. பெரியவர் எழுந்து அவருக்கு வழிவிட்டார். அவர் உட்கார்ந்ததும், வெயிலில் வந்த மனிதர் என்று பெரியவர் நினைத்தாரோ என்னவோ, மின்விசிறிக்கு நேராகப் படுத்திருந்த தன் இடத்தைக் காலி செய்துகொண்டு சுவர் ஓரமாகப் போனார்.

மேற்பார்வையாளர் கால் மணி நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "குறை எதுவும் காணப்படவில்லை. விண்ணப்பதாரர் கூறியது பொய். எனவே மேற்படி நாயை..."

என் மனைவி பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்பா சாவுக்குக் கூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. "எழுதாதீங்க சார்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வாரப் பழக்கம், வேறு சத்தம் வந்துவிட்டது. நிறுத்தவும் முடியவில்லை. குரைத்துக்கொண்டே மேற்பார்வையாளரை நோக்கிப் போனேன். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்த விருந்தாளியை வீட்டுக்காரனே இப்படிச் செய்வதைப் பெரியவரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து என் வலது கையைக் கடித்தார்.

மேற்பார்வையாளர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, எழுதியதை அடித்துவிட்டு, "கடிக்கும் பழக்கம் உண்டு. நேரில் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனைவி ஓடிப்போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பெரியவர் வாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். என் கையிலிருந்து ரத்தம் சொட்டியதை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

செயல் நடந்த கணமே பிஸ்கட் என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னது அப்போது எங்கள் யாருக்கும் நினைவு வரவில்லை. பெரியவருக்கு விளங்கிவிட்டது. மறுநாள் காலையில் அவர் பால்காரரைக் கடித்துவிட்டு, டப்பா இருக்கும் அலமாரிப் பக்கம் போய் நின்றார்.

கெடுவுக்குள் கையெழுத்து விழுந்துவிட்டதால், திருத்தப் பயிற்சி நகராட்சி மைதானத்தில் பதினைந்து நாள் நடந்தது. சங்கிலி மாஸ்டர் ஒற்றைப்படை நாட்களில் அதட்டினார். பிஸ்கட் டீச்சர் இரட்டைப்படை நாட்களில் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் இருவரையும் கடித்தார். பதினாறாம் நாள் நான்காவது ஜன்னலுக்குப் போனோம். எழுத்தர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சான்றிதழை எடுத்து முத்திரை குத்தினார். நீட்டிய கையைப் பெரியவர் கவ்விக்கொண்டார்.

"இன்னும் கடிக்கிறாருங்களே" என்றேன், மனசாட்சி கேட்காமல்.

"அது திருத்தத்துக்கு முந்தின பழக்கம் சார். இப்ப திருந்தியாச்சு. கொஞ்சம் விடச் சொல்லுங்க, தேதி போடணும்."

எங்கள் தெருவில் நல்ல நாய்கள் இன்னும் பதினேழு இருந்தன. கெடு தாண்டியவர்கள் அபராதத்தோடு விண்ணப்பிக்கலாம் என்று நீட்டித்திருந்தார்கள். வழி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். குரைக்கச் சொல்லிக் கொடுத்தேன். மருந்துக் கடைக்காரர் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அவர் தங்கைக்கு உறுமல்தான் நன்றாக வந்தது. இரண்டே மாதத்தில் தெரு முழுக்கச் சான்றிதழ் பெற்றுவிட்டது. இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பேதமும் ஒழிந்தது. இப்போது எல்லோரும் கையில் குடையோடு தெருவின் நடுவில் ஓடுகிறோம்.

எங்கள் வீட்டில் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். பெரியவர் எங்களோடுதான் இருக்கிறார். சாயங்காலம் மனைவி வழக்கம்போல உட்கார்ந்து மடியைத் தட்டுவாள். அவர் வருவார், முதலில் அவள் கையில் டப்பா இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் பல்லைக் காட்டுவார். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. யாரையாவது பிடித்துத் திட்ட வேண்டும் போலிருந்தது.

தெருவாசிகள் கூட்டம் போட்டோம். நாய்த் தொல்லை எல்லை மீறிவிட்டது, நகராட்சி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கலாமா என்று எல்லோரும் கொதித்தார்கள். நடத்தைத் திருத்தத் திட்டத்தை இன்னும் கடுமையாக்க வேண்டும், பாரபட்சமில்லாமல் விரிவுபடுத்த வேண்டும் என்று மனு எழுதினோம். நகல் எழுதியவன் நான். முதல் கையெழுத்தும் நான்தான் போட்டேன், இடது கையால்; வலது கையில் புதுக் கட்டு.

மனுவுக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வந்து நான் பார்த்ததில்லை. திட்டத்துக்கு முந்தைய ஆண்டில் நாய்க்கடி மூன்று, திட்டம் வந்த ஆண்டில் நானூற்றுப் பன்னிரண்டு. மறைந்து கிடந்த குறைகளை வெளிக்கொணர்ந்ததில் நமது நகராட்சியே முதலிடம் வகிக்கிறது என்று கடிதம் தெரிவித்தது. பொதுமக்களின் பேராதரவைக் கருத்தில் கொண்டு, திட்டம் வரும் மாதம் முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் விரிவுபடுத்தப்படுகிறது. படிவம் இணைக்கப்பட்டிருந்தது.

மனைவி படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாளே. தங்கமான பிள்ளைன்னு ஸ்கூல்ல எழுதியே கொடுத்திருக்காங்க. இப்ப என்னங்க பண்றது?"

நான் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"அம்மாடி, யாரையாவது கடிக்கணும்னு உனக்கு எப்பவாவது தோணியிருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையிலிருந்த படிவத்தை முழுவதுமாகப் படித்தாள்.

"இதுவரைக்கும் இல்லைப்பா. இப்ப தோணுது" என்றாள்.

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் பேனாவைத் திறந்து, மகள் சொன்னதைப் படிவத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன்.