ஜனவரிக் குளிரும் சங்கத்துக் குளிரும்

நாகரிகத்தின் சிகரம் எது என்று யாராவது கேட்டால் பிரமிடு, விண்கலம் என்றெல்லாம் தடுமாற மாட்டேன். ஔலு நகரத்தில், ஜனவரி மாதத்தில், மின்சாரம் செலவழித்துக் குளிரைத் தயாரிப்பதுதான் என்று அடித்துச் சொல்வேன். பின்லாந்தில் அந்தப் பெருமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கே உரியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒலாவி என்ற முறையில் இதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சாதனையாளர் மூன்றாம் மாடி இல்மாரி. பிழைப்புக்கு நூலகத்தில் வேலை, லட்சியம் வேறு. கணினியின் மூளையான ப்ராசஸரை, அதைச் செய்தவர்கள் விதித்த வேகத்துக்கு மேலே ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் அது கொதிக்கும். ஆகவே அதன் தலையில் பிஸ்கட் அளவில் ஒரு வெள்ளைத் தகட்டை வைத்தான். மின்சாரம் பாய்ந்தால் தகட்டின் கீழ்முகம் உறைபனியாகக் குளிரும். மேல்முகம் அடுப்பாகச் சுடும். அந்தச் சூட்டைத் தணிக்கப் பழைய காரின் ரேடியேட்டர், மூன்று மின்விசிறி, ஒரு வாளித் தண்ணீர். எல்லாம் சேர்ந்து ஓடும்போது அறை வெந்துபோகும். இல்மாரி அரைக்கால்சட்டையோடு வியர்த்து வழிந்தபடி 'குளிரூட்டும் ஆராய்ச்சி' செய்வான்.

ஒரே ஒரு இடைஞ்சல். அடித்தளத்தில் எங்கள் பொதுச் சௌனா இருக்கிறது. அந்த நீராவிக் குளியலறையின் மின்அடுப்பைப் போட்டால் கட்டடத்து மின்சாரம் ஒரு கணம் துவளும். கணினி மயங்கி விழும். சாதனையைப் பார்க்கக் கணினிப் பத்திரிகையாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை வருவதாக இருந்தது. அன்று சௌனாவை நிறுத்துவது குறித்துப் சங்கப் பேரவை கூடியது.

எழுந்தவள் பிர்க்கோ. நகரப் பேருந்து ஓட்டுபவள். வெள்ளி ஐந்து மணி அவளுடைய சௌனா முறை.

"இல்மாரி, இந்தப் பொட்டி அவ்வளவு வேகமா ஓடி என்னப்பா பண்ணும்?"

"எவ்வளவு வேகமா ஓடுதுன்னு கணக்குப் போட்டுச் சொல்லும்."

"சொல்லிட்டு?"

"நின்னுடும்."

"என் பஸ்ஸு இந்த லட்சணத்துல ஓடினா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க!"

தலைவர் ரெய்யோ மேசையைத் தட்டினார். "அறிவியலையும் பஸ்ஸையும் ஒண்ணாக்காதே, பிர்க்கோ. பத்திரிகையில நம்ம கட்டடத்துப் பேரு வரப் போவுது."

"வாரம் பூரா ஸ்டியரிங் புடிச்சுத் தோளு கல்லாயிடுது, ரெய்யோ. அந்த ஒரு மணி நேர ஆவியிலதான் மனுஷியாவுறேன். அதையுமா புடுங்குவ?"

"ஒரே ஒரு வெள்ளிதானே!"

வாக்கெடுப்பில் எட்டுக்கு ஒன்று. 'ஒருவர் நீங்கலாக ஏகமனதாக' என்று குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. இல்மாரியின் அறையில் காபி, ஏலக்காய் ரொட்டி, எல்லோர் கழுத்திலும் டை. இல்மாரி இரண்டு ஆண்டு விடுமுறைகளை அந்தத் தகட்டுக்கே தின்னக் கொடுத்தவன். தகட்டின் இரு ஒயர்களையும் இணைக்கும் கௌரவம் எனக்கு அளிக்கப்பட்டது.

"சிவப்பு இடது பக்கம், ஒலாவி. பாத்து."

பார்த்தேன், பத்திரிகையாளரின் கேமராவை. சிரித்த முகத்தோடு செருகினேன்.

ரெய்யோ ரேடியேட்டரைத் தொட்டார். "அடடா, ஐஸு மாதிரி இருக்கு!" அனைவரும் கைதட்டினோம். கைதட்டல் ஓய்ந்தபோது ஒரு வாசனை வந்தது. அதன்பின் புகை வந்தது.

இல்மாரி என் காதருகே குனிந்தான். மற்றவர்களுக்குக் கேட்காமல் கிசுகிசுத்தான்.

"ஒயரை மாத்திச் செருகிட்டியே, பாவி! தகடு தலைகீழா வேலை செஞ்சிருச்சு. குளுர வேண்டிய பக்கம் கொதிச்சு, ப்ராசஸர் வெந்துபோச்சு."

புகைமணி அலறியது. படியேறி ஓடி வந்த பிர்க்கோ யாரையும் கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டாள். மைனஸ் இருபத்தொன்பது டிகிரி உள்ளே வந்தது. புகை வெளியே போனது. பின்னாலேயே பத்திரிகையாளரும் போனார்.

"இவ்வளவு குளிரு வெளியில சும்மா கிடக்கு! இதுக்கா என் ஆவியை நிறுத்துனீங்க?" என்றாள்.

இல்மாரி கருகிய ப்ராசஸரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

திங்களன்று விசாரணை.

"பழுதுக்குக் காரணம் என்னப்பா?" என்றார் ரெய்யோ.

இல்மாரி என்னைப் பார்த்தான். நான் மடியிலிருந்த சௌனா முறைப் பதிவேட்டைப் புரட்டினேன். அடுத்த ஆண்டுக்கான முறைகளை எழுதுபவனும் நானே.

"தெரியலை," என்று அவன் தலைகுனிந்தான்.

"சரி, ஜன்னலைத் திறந்தது யாரு?"

"நான்தான்," என்றாள் பிர்க்கோ. "புகை வந்துச்சு, திறந்தேன்."

"புகைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான்! எல்லாரும் பாத்தீங்களே!"

"நேரம் குறிச்சு வச்சிருக்கியா?"

அவள் குறித்து வைத்திருக்கவில்லை. ஆகவே, அனுமதியின்றி நுழைந்த இயற்கைக் குளிர் அறிவியல் குளிரைத் தாக்கிவிட்டதாகத் தீர்மானம் நிறைவேறியது. பிர்க்கோவின் சௌனா முறை கோடைவரை ரத்து.

மூன்று பக்கக் குறிப்பை என் கைப்படவே எழுதினேன். அதில் எழுத்துப் பிழை கிடையாது. ஒயர் செருகியவன் பெயரும் கிடையாது. காலியான வெள்ளி ஐந்து மணியைப் பொறுப்புள்ள உறுப்பினர் ஒருவருக்குத் தருவதென்று முடிவாயிற்று.

பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.