பட்டியலில் காலமான மைத்துனருக்கு

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை.

சிரஞ்சீவி கல்யாணராமனுக்கு,

அத்திம்பேர் சுந்தரராமன் அநேக ஆசீர்வாதம். சிரஞ்சீவி என்ற சொல்லை இதுநாள்வரை வழக்கத்துக்காக எழுதிவந்தேன். இன்று மனமார எழுதுகிறேன். இவ்விடம் நாங்கள் சுகம். அவ்விடம் நீயும் சுகமே என்பதை நேற்று நீ போனில் கத்திய கத்தலிலிருந்து தெரிந்துகொண்டேன். "செத்தவன் எங்கேயாவது மருமாளைத் தோள்ல தூக்கிண்டு மாலை மாத்த வருவானா அத்திம்பேர்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். எனக்குப் பேச இடமே கொடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். நம் உறவும் சினேகிதமுமாக அறுநூற்றுப் பதினாலு பேர் கொண்ட பட்டியல் என் லேப்டாப்பில் இருப்பது உனக்குத் தெரியும். நம் பெண் வர்ஷினி கல்யாணத்துக்காக அதிலிருந்து பத்திரிகை அனுப்ப ஒரு டேபிள், அதாவது அட்டவணை, சாப்பாட்டுக்கு ஒன்று, மண்டபத்து அறைகளுக்கு ஒன்று, நல்லாசிக்குப் பெயர் போட வேண்டிய காலமானவர்களுக்கு ஒன்று என்று நான்கு போட்டேன். ஒவ்வொன்றும் தனித்தனியே அத்தனை பேரையும் முதலிலிருந்து படித்ததில் லேப்டாப் மூச்சு வாங்கிற்று. தரமணியில் இதே வேலையாக இருக்கும் மாப்பிள்ளை பிரணவ் பார்த்துவிட்டு, "பெரிய பட்டியலை ஒரே தடவை உள்ள கொண்டு வாங்கோ மாமா. மத்த நாலும் அதுலேர்ந்தே எடுத்துக்கட்டும். ஒண்ணையே எதுக்கு நாலு தடவை படிக்கணும்?" என்றார். பத்து நிமிஷத்தில் அப்படியே செய்தும் கொடுத்தார். பொத்தானை அழுத்தினேன், கண் சிமிட்டுவதற்குள் நான்கும் வந்து நின்றன. ஒரு இடத்தில் திருத்தினால் நான்கு இடத்திலும் திருந்தும் என்ற தத்துவத்தை நாகேஸ்வரராவ் பூங்காவில் நடக்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னேன். ஒரு இடத்தில் தவறினால் நான்கு இடத்திலும் தவறும் என்று அவர்களில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

உள்ளூருக்கு 'உ', வெளியூருக்கு 'வெ', காலமானவர்களுக்கு 'கா' என்று குறியிட்டிருந்தேன். உன் அக்கா கோமளத்துக்கு இதைச் சொல்லவில்லை. நீயும் சூடாமணியும் காசிக்குக் கிளம்பிய அன்று, "கல்யாணராமன் வந்தப்புறம் நேர்ல போய்க் குடுத்துக்கலாம், தபால்ல அனுப்பிடாதீங்கோ" என்றாள். நான் மறந்துவிடுவேன் என்று, உன் பெயருக்கு எதிரே காசிக்கு 'கா' என்று தட்டியும் வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். மூன்று டேபிள்கள் உன்னைக் கைவிட்டன, நான்காவது உன்னை வாரி அணைத்துக்கொண்டது. அச்சகம் வைத்திருக்கும் கருணாகரன், 'தெய்வத்திரு கல்யாணராமன் அவர்களின் நல்லாசியுடன்' என்று அடித்துவிட்டார். சரிபார்க்கச் சொல்லி ஒரு பிரதி அனுப்பத்தான் செய்தார். ஒரே மூலத்திலிருந்து வந்ததைச் சரிபார்ப்பானேன் என்று நான் பிரிக்கவேயில்லை. பத்திரிகை உங்கள் கோட்டூர்புரம் குடியிருப்புச் செயலாளர் ஹபீபுர் ரஹ்மானுக்குப் போயிருக்கிறது. மனிதர் பதறிப்போய் உனக்குப் போன் போட்டால் ஸ்விட்ச்டு ஆஃப். நீ கங்கையில் முழுகிக்கொண்டிருந்தாய். இதற்கு மேல் அவருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டமும் போட்டுவிட்டார். இரண்டு நிமிட மௌனத்தின்போது நீங்கள் இருவரும் ஆட்டோவிலிருந்து இறங்கினீர்களாம். "யார் தவறிட்டா?" என்று நீ மெதுவாகக் கேட்க, பக்கத்திலிருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "ஏ பிளாக் கல்யாணராமன். தங்கமான மனுஷர் சார்" என்றாராம். சூடாமணி கையிலிருந்த கங்கைச் சொம்பு கீழே விழுந்ததாகக் கேள்விப்பட்டு நான் அன்று சாப்பிடவில்லை.

கோமளம் என்னோடு பேசுவதில்லை. காபியை என் முன்னால் வைத்துவிட்டு, "காபி வெச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். வர்ஷினியோ, "மாமா தூக்கலேன்னா நான் மாலையே மாத்திக்க மாட்டேன்ப்பா" என்று அழுகிறாள். அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்தில் அவளை மூன்று மணி நேரம் தோளிலேயே வைத்திருந்தவன் நீ. நீ வராத கல்யாணம் எனக்கும் வேண்டாம், கல்யாணராமா. இதை எந்த டேபிளிலும் போட எனக்கு வழி தெரியவில்லை.

தவறு தெரிந்ததும் திருத்திவிட்டேன். கோமளம் இப்படி இன்னும் யார் யாரைக் காசிக்கு அனுப்பிவைத்தாளோ என்று பயந்து, பட்டியலில் உள்ள 'கா'வையெல்லாம் 'உ'வாக்கும்படி கம்ப்யூட்டருக்கு ஒரே உத்தரவாகப் போட்டேன். நான்கு டேபிளிலும் நீ பரம சௌக்கியம். புதிதாக அடித்த பத்திரிகை இத்துடன் இருக்கிறது. கோபத்தை விட்டுவிட்டு வா. உனக்கும் சூடாமணிக்கும் தீர்க்காயுசைப் பகவான் தரட்டும். நான் இனிமேல் குறுக்கே வரமாட்டேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்த அத்திம்பேர்,
சுந்தரராமன்.

பி.கு. (கவரின் மேல்): உள்ளே இருக்கும் பத்திரிகையைப் பிரிக்காதே. கவரை ஒட்டியபிறகு கருணாகரன் போன் செய்தார். "இன்னா சார், இந்தத் தபா செத்தவங்க லிஸ்ட்டு காலியா கீது? உங்க நைனா, தாத்தா அல்லாரையும் 'வரவேற்கிறோம்'ல போட்டு அடிச்சு முட்ச்சிட்டேன். ஓகே தானே?" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். சாப்பாட்டில் அறுபது இலை கூடியிருக்கிறது. உனக்கு மூன்றாம் நம்பர் அறை. கூடத் தங்குகிறவர் பதினோரு வருஷத்துக்கு முன் காலமான உன் பெரியப்பா. அடியேன் ஒருத்தன்தான் மண்டபத்து வாசல்ல உயிரோட நின்னு வரவேற்கணும் போலிருக்கு. நீயாவது முன்னாடியே வந்துடுடா.