அழிறப்பர் அண்ணை விட்ட ஒரு தாள்

திருகோணமலைத் துறைமுக வட்டாரத்தில் அவரளவுக்கு என் பொறுமையைச் சோதித்தவர் யாரும் பிறக்கவில்லை. இனிப் பிறக்கவும் வேண்டாம். நான் வேலை செய்யும் கந்தோரில் ஆய்வறிக்கைகளைப் படமாகச் சுருக்குவது அவர் வேலை. சுருக்கினாரா என்ன, அழித்தார். அதனால்தான் அவருக்கு அழிறப்பர் அண்ணை என்று பெயர்.

நிலாவெளியில் கரைவலை இழுக்கும் மீனவக் குடும்பங்கள் கடலுக்குப் போகும் பாதையை ஒரு விடுதி வேலி போட்டு மறித்திருந்தது. பாதை கிடைக்காவிட்டால் அவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். நான் வீடு வீடாக அலைந்து நூற்றெண்பது பக்கம் எழுதினேன். அதிகாரிகளின் கூட்டத்துக்கு அது ஒரே தாளில் வர வேண்டும். முதல் படத்தை வரைந்து அண்ணையிடம் நீட்டினேன்.

“இது என்ன பிள்ளை, வட்டம்?”

“சதவீதம் அண்ணை.”

“பாக்க அப்பளம் மாதிரிக் கிடக்கு. எடுங்கோ.”

நான் எதை வரைந்தாலும் துறைமுகத் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுபோவார். அங்கிருப்பவர் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் விளங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அங்கேயே கிழிப்பார். ஒருமுறை ஓர் ஓட்டோக்காரர் என்மேல் பாவப்பட்டு இரண்டாவது தேத்தண்ணி கேட்டார். “அது செல்லாது” என்று அண்ணை கிழித்துவிட்டார், பாவி மனிதர்.

கடைசியில் ஒரு வரைபடம் தேறியது. ஐம்பது பிரதி அச்சடித்தோம். அண்ணைக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போய், வலை இழுக்கும் செல்வராசா ஐயாவிடம் ஒன்றை நீட்டினார். அவர் தாளைத் திருப்பி, கடல் தன் வயிற்றுப் பக்கம் வரும்படி பிடித்தார்.

“ஐயா, வடக்கு மேல இருக்கோணும்,” என்றேன்.

“வடக்கு எனக்கு என்னத்துக்கு, பிள்ளை? நாங்கள் தோணியில நிண்டெல்லோ கரையைப் பாக்கிறனாங்கள்.”

அண்ணை ஐம்பதையும் கிழித்தார்.

“ஐம்பது தாள் அண்ணை!” அழுகையே வந்துவிட்டது எனக்கு.

“ஐம்பதும் பிழை பிள்ளை.”

புதிய தாளில் கீழே கடல், மேலே ஊர், நடுவில் பாதை, அதன் குறுக்கே வேலி. அவ்வளவுதான். என் பெயரைக்கூட அழித்துவிட்டார்.

கூட்டத்தில் செல்வராசா ஐயா எழுந்து தாளில் விரலை வைத்தார். “இதில எங்கட தோணி. இது வேலி. வலையை எதால கொண்டுபோறது, சொல்லுங்கோ?”

அதிகாரி என் நூற்றெண்பது பக்கத்தைத் தொடவேயில்லை. தாளைப் பார்த்தார். விடுதிக்காரர் பக்கம் திரும்பி, “வேலியை எப்ப கழட்டுறியள்?” என்றார்.

போன மாதம் அண்ணை மட்டக்களப்புக்கு வேலை மாறிப் போனார். தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். இப்போது நானே என் தாள்களைத் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுபோய், யாராவது குடித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையைக் கொடுத்தால் இவ்வளவையும் அழித்துவிட்டு ஒரே வரியைத்தான் விடுவார்: அண்ணை, நீங்கள் இல்லாமல் எனக்கு ஏலாது.