சுதந்திரமாக விளையாடும் முறை

குழந்தைகள் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, தாமாகவே, ஆர்வத்தோடு விளையாடிக் கற்க வேண்டும் என்று கல்வி அலுவலகம் உத்தரவு போட்டது. தாமாக ஆர்வம் கொள்ளத் தவறும் குழந்தைகள் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதிலேயே சேர்த்திருந்தார்கள்.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் உத்தரவு என்றால் உயிரை விடுபவர். அன்றே எல்லா வகுப்பையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்.

"நாளையிலிருந்து எல்லாரும் சுதந்திரமா விளையாடணும். நான் சொல்றவரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

இரண்டாம் வகுப்பில் வாண்டு என்றொரு பெண், எங்கள் தெருத் தையல்காரரின் மகள். பள்ளித் தண்ணீர்த் தொட்டி வழிகிற இடத்தில் சேற்றைக் குழைத்து அணை கட்டுவதுதான் அவளுக்கு உலகம். அணை உடையும். குச்சி செருகிப் பார்ப்பாள், கல் அடுக்கிப் பார்ப்பாள், மறுபடி கட்டுவாள். தண்ணீர் ஏன் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் மத்தியானம் முழுக்கச் சொல்வாள். யாரும் கேட்டதில்லை.

அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகளில் சேறு இல்லை. பிளாஸ்டிக் கட்டை இருந்தது. வாண்டு அதிலும் மூழ்கிப்போனாள். மணி அடித்ததும் மற்றவர்கள் பாசிமணி கோக்கப் போக, அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் முடியல டீச்சர்."

"ஆர்வம் வந்துடுச்சுல்ல? போதும், அடுத்ததுக்குப் போ," என்றார் வகுப்பு டீச்சர்.

அவள் போகவில்லை. அம்மாவை வரச் சொன்னார்கள்.

"உங்க பொண்ணு விளையாட்டுல ரொம்பப் பின்தங்கியிருக்காம்மா," என்றார் தலைமையாசிரியர்.

"என்ன சார் சொல்றீங்க? வீட்டுல விளையாட உக்காந்தா சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டாளே!"

"அதாம்மா கோளாறு. யாரும் சொல்லாமலே விளையாடுறா. இப்படியே விட்டா, தானா விளையாட எப்ப கத்துக்குவா?"

அம்மாவுக்குப் பகீரென்றது.

மருந்துக்கடை மாடியில் விளையாட்டு டியூஷன் தொடங்கியிருந்தார்கள். தையல்காரர் மகளை அங்கே சேர்த்தார். "நான்தான் தெருவுல கண்டபடி விளையாடிக் கெட்டுப்போனேன். இவளாவது முறையா விளையாடட்டும்."

முதல் வாரம் வாண்டு படியேற மாட்டேன் என்று அழுதாள். அப்புறம் அழவில்லை. நல்ல முன்னேற்றம் என்றார்கள். பள்ளியில் தொட்டி வழிகிற இடத்தைச் சிமெண்டு பூசி அடைத்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி நேரே அவளிடம்தான் குனிந்தார்.

"உனக்குப் பிடிச்சதை விளையாடு பாப்பா."

வாண்டு கையைக் கட்டிக்கொண்டாள். "எது சார் எனக்குப் பிடிக்கணும்?"

அதிகாரிக்குப் புல்லரித்துவிட்டது. "பாத்தீங்களா! யாரும் தூண்டாம தானாவே கேள்வி கேக்குறா! இதுதான் நாம எதிர்பார்த்தது!"

தலைமையாசிரியர் அடக்கத்தோடு தலை குனிந்தார். வகுப்பு டீச்சர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி விழுந்துவிட்டதாம்.

பள்ளிக்குக் கேடயம் கிடைத்தது. விழாவில் நாங்கள் எல்லோரும் கை வலிக்கத் தட்டினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாண்டு சுவரோரம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"போம்மா, போய்க் கொஞ்சம் விளையாடேன்."

"இன்னிக்கு லீவும்மா," என்றாள் வாண்டு.

தையல்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டுப் பையன் காலையிலிருந்து கட்டிலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு என்னவோ செய்துகொண்டிருக்கிறான். கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. அந்த டியூஷனில் இவனுக்கும் ஒரு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.