மாரிக்கு ஒரு மாடு, மூன்று வளவு

மாடு வளர்க்காதவனுக்குத்தான் மாட்டைப் பற்றி அதிகம் தெரியும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளட்டில் இருந்துகொண்டு, ஒரு ரோசாச் செடியைக்கூட உயிரோடு வைத்திருக்கத் தெரியாத நான், போன மாரிக்கு ஒரு பசுவின் மேய்ச்சல் முகாமைத்துவத்தைப் பொறுப்பெடுத்தேன். (அந்தச் சொல்லை நான் நித்திரையிலும் சொன்னதாக மனைவி கௌரி சாட்சி சொல்வாள்.)

பசு ராணியக்காவுடையது. பெயர் பவளம். ராணியக்கா கிருலப்பனைக் கால்வாய்க்கரையில் இருக்கிறா. எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குப் பால் கொண்டுவந்து தருகிறவ. வெயில் காலத்தில் கால்வாய்க்கரைப் புல்லே பவளத்துக்குக் காணும். மாரி தொடங்கினால் கரை தண்ணீருக்குள் போய்விடும். அந்த முறை பவளம் வேறு கன்றுத்தாய்ச்சி, பாலும் வற்றிவிட்டது. பால் இல்லை, புல் இல்லை, வரப்போகிற கன்றை நம்பித்தான் ராணியக்காவின் வீடு இருந்தது.

எனக்கு எதிர்மாறான பிரச்சினை. கனடா, லண்டன் என்று போய்விட்ட சொந்தக்காரர்களின் வீடு கட்டாத வெறும் வளவுகள் மூன்றை நான்தான் பார்த்துவருகிறேன். ஒன்று வெள்ளவத்தையிலேயே பாமன்கடைப் பக்கம், ஒன்று ஹெவ்லொக் டவுனில், ஒன்று கிருலப்பனையில். மழைக்குப் புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது. டெங்கு பார்க்க வருகிற பரிசோதகர் துப்புரவாக்காவிட்டால் வழக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே புல் இல்லாத மாடு. இங்கே மாடு இல்லாத புல். எனக்கு மூளையில் வெளிச்சம் அடித்தது.

அடித்த வெளிச்சத்தோடு சும்மா இருந்திருக்கலாம். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் மாடு மேய்ப்பது எப்படி என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பனி என்கிற இடத்திலெல்லாம் மழை என்று போட்டுக்கொண்டால் கொழும்புக்குச் சரி. ஈர நிலத்தில் மாட்டை ஒரே இடத்தில் விட்டால் குளம்பு பட்டு மண் சேறாகி, புல் வேரோடு போய்விடும். ஆகவே இடம் மாற்றவேண்டும். மேய்ந்த வளவை ஆறவிடவேண்டும். ஈரப் பச்சைப்புல்லுக்கு முன்னால் கொஞ்சம் வைக்கோல் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் வயிறு ஊதிவிடும். இதெல்லாவற்றையும் நான் ராணியக்காவுக்கே வகுப்பெடுத்தேன். அவ வெற்றிலையை மென்றபடி, "சரிங்க அண்ணே" என்றா.

கிழமைக்கு ஒரு வளவு. திங்கட்கிழமை விடியற்காலையில், வாகனங்கள் வெளிக்கிடுவதற்கு முன் இடமாற்றம். முன்னால் நான் குடையோடு, பின்னால் பவளம் குடையில்லாமல். திட்டம் அப்படி அழகாக ஓடியது. ஒழுங்கையில் ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ராணியக்கா தங்கச்சியின் மகளின் கலியாணத்துக்கு ஹட்டனுக்குப் போனா.

"ஒங்களத்தான் நம்பி விட்டுட்டுப் போறேன் அண்ணே. திங்கக்கெழம பொழுதுபட வந்துருவேன். மாசமா இருக்கிற புள்ள, பாத்துக்கங்க."

"நீங்கள் ஆறுதலாய்ப் போட்டு வாங்கோ அக்கா. இதென்ன பெரிய வேலையே!"

(இதென்ன பெரிய வேலையே என்று நான் சொன்ன எந்த வேலையும் சின்னதாக முடிந்ததில்லை.)

அந்தக் கிழமைக் கடைசி நீண்ட விடுமுறை. கௌரியின் அக்கா குடும்பம் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து நின்றது. சாப்பாடு, நித்திரை, கரம் விளையாட்டு, திரும்பவும் சாப்பாடு. இப்படியான நாட்களில் எனக்குச் சனியும் ஞாயிறும் குழைத்த சோறுமாதிரி ஒன்றாகிவிடும். ஒரு காலை ஆறுதலாக எழும்பி, பிள்ளைகள் வீட்டில் நிற்பதைப் பார்த்து, ஞாயிறு என்று முடிவுகட்டி, எட்டு மணிபோல வைக்கோல் கட்டோடு பாமன்கடை வளவுக்குப் போனேன்.

தகரப் படலை திறந்து கிடந்தது. பூட்டுத் துருப்பிடித்ததால் நைலோன் கயிற்றால் கட்டியிருந்தேன். (கட்டினது நான். முடிச்சைப் பற்றி மேற்கொண்டு கேட்காதீர்கள்.) உள்ளே குளம்புக் குழிகளில் மழைத்தண்ணீர் நின்றது. புல் மட்டமாக இருந்தது. பவளம் இல்லை.

வைக்கோலைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். ரோட்டில் ஆள் இல்லை, வாகனம் இல்லை. களவெடுத்தவர்கள் சனத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள் போலிருந்தது. முதலில் சந்தைப்பக்க இறைச்சிக்கடைக்குத்தான் கால் போனது. கடை பூட்டு. ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கடை பூட்டுவானா? உள்ளே ஏதோ நடக்கிறது! தகரக் கதவில் அடித்தேன். மேல்மாடி யன்னலால் கடைக்காரர் தலையை நீட்டினார்.

"என்னது?"

"கடையைத் திறவுங்கோ!"

"இன்டக்கு இல்ல. நாளக்கி வாங்க."

"நாளைக்கு வந்தால் கிலோக் கணக்கிலதானே தருவியள்!"

அவர் தலையை உள்ளே இழுத்தார். பிறகு யன்னலை மெதுவாகச் சாத்தினார். வேறு என்ன செய்வார் பாவம்.

அங்கிருந்து கால்வாய்ப் பாலம். மழைக்குத் தண்ணீர் மண்ணிறத்தில் பெருகி ஓடியது. ஓரத்துப் பற்றைக்குள் கபில நிறத்தில், முதுகு மட்டும் தெரிய, ஒன்று மிதந்துகொண்டு நின்றது. கன்றுத்தாய்ச்சி முதுகு. அகலமான முதுகு. ராணியக்காவின் முகம், பிறக்காத கன்றின் முகம், என் கையில் விலங்கு, எல்லாம் ஒரே படமாக வந்தன.

"பவளம்!" என்று கத்திக்கொண்டு இறங்கினேன். முழங்காலளவு சேறு ஒரு செருப்பை வைத்துக்கொண்டு என்னை விட்டது.

பாலத்தில் ஒரு கூட்டம் நின்றது. எல்லாரும் வெள்ளை உடுப்பு, கையில் பூத்தட்டு. ஏதோ செத்தவீடு என்று நினைத்தேன். பவளத்துக்கு இவ்வளவு கெதியாக ஆட்கள் வந்துவிட்டார்களே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"மொகத அய்யே?" என்று ஒருவர், என்ன விஷயம் என்கிறமாதிரி, சிங்களத்தில் கேட்டார்.

"மகே எளதென!" என்று அழாக்குறையாகச் சொன்னேன். என்னுடைய பசு என்று அர்த்தம். பதற்றத்தில் எனக்கு வந்த சிங்களம் அவ்வளவுதான்.

அந்த மனிதர்களின் நல்ல குணத்தை என்னவென்று சொல்ல! பூத்தட்டுகளை மனைவிமாரிடம் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் புத்தரை நினைத்துக் கும்பிட்டார். எல்லாருமாகச் சேர்ந்து இழுத்தோம். பவளம் கரைக்கு வந்தாள். வந்தவளுக்குக் கைபிடி இருந்தது, மெத்தை இருந்தது.

"அய்யே," என்றார் அதில் மூத்தவர், மிகவும் மரியாதையாக, "மேக்க சோபா எக்கக்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. சேறு படிந்த வெள்ளைச் சாரங்களோடு அவர்கள் என்னை அந்தச் சோபாவிலேயே இருத்தினார்கள். ஒரு அம்மா போத்தல் தண்ணீர் தந்தா. மாடு தொலைத்தவன் என்றில்லை, மூளை தொலைத்தவன் என்று நினைத்திருப்பா.

கால்வாய்க்கரையில் ஈரச் சோபாவில் இருந்துகொண்டு கௌரிக்குப் போன் அடித்தேன். அதுவரை சொல்லாமல் மறைத்துச் சமாளிக்கத்தான் எண்ணம்.

"கௌரி, பவளத்தைக் காணேல்லை. வளவு வெறுமையாய்க் கிடக்கு. நான் செத்தன்."

"எந்த வளவில பாத்தனீங்கள்?"

"பாமன்கடையில."

"அங்க ஏன் பாக்கிறியள்? இண்டைக்கு ஹெவ்லொக் டவுனுக்கு மாத்திற நாளெல்லோ!"

"அது நாளைக்குத் திங்கள்."

"இஞ்சேருங்கோ," என்றாள் கௌரி. "இண்டைக்குத்தான் திங்கள். போயா லீவு. பின்னேரம் ராணியக்காவும் வந்திடுவா."

சுற்றிப் பார்த்தேன். வெள்ளை உடுப்பு, பூத்தட்டு. போயா, பௌர்ணமி நாள். சனம் விகாரைக்குப் போகிற நாள், இறைச்சிக்கடை பூட்டுகிற நாள். கொழும்பு முழுக்க எனக்கு விடியத் தொடக்கம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒற்றைச் செருப்போடு ஹெவ்லொக் டவுனுக்கு ஓடினேன். ஒழுங்கையால் திரும்பினால், பூட்டிய படலையில் மூக்கை வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை ரோட்டுக்குக் காட்டியபடி நின்றாள் பவளம். பக்கத்தில் முன்வீட்டு ஹாஜியார் வாழைப்பழத் தோல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எனத்த தம்பி, மாடு எப்பயோ வந்துட்டு. நீங்க பின்னுக்கு வாறீங்கண்டு பாத்துட்டே நிக்கிறன். எங்க சுணங்கினீங்க?"

நான் பவளத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னை மணந்துபார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். கால்வாய் மணம்.

அவளுக்குக் கலண்டர் புல்தான். ஒரு கிழமைப் புல் தீர்ந்தால் அடுத்த வளவு. குடைக்காரன் வந்தால் வரட்டும், வராவிட்டால் வழி தெரியும். என் முகாமைத்துவத்தில் என்னைத் தவிர எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது.

பின்னேரம் ராணியக்கா பஸ்ஸால் இறங்கி நேரே அங்கேதான் வந்தா. பவளத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்தா. கண் கலங்கி, "ஒரு நாள் பிந்தாம மாத்திட்டீங்களே அண்ணே!" என்றா. பக்கத்தில் நின்ற கௌரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். அடுத்த மாதம் கன்று சுகமாகப் பிறந்தது. எங்களுக்கு, கன்று போட்டதும் முதல் கறக்கிற கடும்புப்பால் வந்தது. அதைக் குடித்தபிறகுதான் எனக்கு நெஞ்சு பழையபடி அடிக்கத் தொடங்கியது.

கௌரி கதையை ராணியக்காவிடம் மட்டும்தான் மறைத்தாள். கனடா, லண்டன் வரைக்கும் சொல்லிவிட்டாள். வீட்டில் இப்போது நாள், நேரம் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. நான் எங்கேயாவது வெளிக்கிட்டால்தான் ஒரே ஒரு கேள்வி வரும். போன கிழமை வங்கிக்குப் போக உடுத்துக்கொண்டு படியிறங்கினேன். மேலேயிருந்து கௌரி கத்தினாள்:

"இஞ்சேருங்கோ, பவளத்தைக் கேட்டனீங்களோ?"

ரோசத்தில் திரும்பிப் பார்க்காமல் போனேன்.

வங்கி பூட்டு.